கரவனில் பாலைவனம் போனோம்

டிசம்பர் 19
பல்லரோ சந்தையிலிருந்து அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய் என்று இரண்டு பை சுமந்து வந்தேன். பாலைவனம் பார்க்கப் போகிறோமாம். என் மனிசன், இவர், வேலைக்குப் போய்ப் பராமரிக்கும் இத்தாலியக் கிழவர், நத்தார்ப் பண்டிகைக்கு மிலானோவில் மகள் வீட்டுக்குப் போகும்போது, கட்டிலும் அடுப்பும் உள்ள தன் பழைய கரவன் வண்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கப்பலில் ஏற்றி, துனிசியாவில் இறக்கி, தெற்கே ஓட்டுவது திட்டம்.

"இத்தாலியன் பாஸ்போட் கிடைச்சு ரெண்டு வருசமாச்சு. இனி எங்களை ஆர் மறிக்கிறது?" என்றார்.

எனக்குக் கிடைத்ததே பத்து நாள் லீவு. காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

டிசம்பர் 22
கப்பல். கேசிகாவுக்கு வாந்தி. பதினேழு வயதுப் பிள்ளை என் மடியில் கிடந்து, அப்பாவுக்குப் பைத்தியம் என்று இத்தாலியனில் முனகினாள். நான் மறுக்கவில்லை.

டிசம்பர் 25
நத்தார் முழுவதும் றோட்டில் போயிற்று. வீடென்றாலும் தகரப் பெட்டியென்றாலும் சமையல் எனக்குத்தான். எல்லாப் பள்ளத்திலும் வண்டிச் சில்லை விடுகிறார். பருப்புச் சட்டி கவிழ்ந்து படுக்கையெல்லாம் மஞ்சள்.

"பாத்து ஓடினால் என்ன?" என்றேன்.

"நீ வாயை மூடிக்கொண்டு இரு, ரதி."

கேசிகாவை முன்னுக்கு இருத்தி, றோட்டுப் பலகை ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்கிறார். பிள்ளைக்கு வழி பழக்குகிறாராம்.

டிசம்பர் 27
தலை, காது, சோறு, எல்லாவற்றிலும் மண். அப்படியே படுத்துவிட்டேன்.

டிசம்பர் 28
இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம், வளைவொன்றில் வண்டி திரும்பவே இல்லை. வலப்பக்கம் நின்ற கல்லை இடித்துக்கொண்டு நேரே மணலுக்குள் இறங்கிப் புதைந்தது. இவ்வளவு பெரிய கல் தெரியேல்லையோ என்று கத்தினேன். வெயில் கூசினது என்றார்.

கேசிகா அழத் தொடங்கினாள். "அம்மா, அப்பாவுக்கு வலப்பக்கம் தெரியுதில்லை. மூண்டு நாளா நான்தான் சொல்லிச் சொல்லி வாறன். உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டவர்."

அவர் மணலில் குந்திவிட்டார்.

"மே மாசத்திலையிருந்து வலக் கண் மங்கல். சலரோகச் சீனி கண்ணிலை இறங்கீட்டுதாம். மற்றக் கண்ணும் போக முதல் ஒருக்காப் பாத்திட வேணுமெண்டு..."

என்ன மனிசன். பிள்ளையை முன்னாலை இருத்திக்கொண்டு, குருட்டுக் கண்ணோடை — செத்திருந்தால்? ஆரிட்டைப் போய்ச் சொல்லியிருப்பன்? வாயில வந்ததெல்லாம் பேசினன். அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு சமையல் தட்டாலை சில்லடி மணலைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். வண்டியைக் கிளப்பும் திறப்புக்குக் கையை நீட்டினேன். தந்தார்.

டிசம்பர் 29
திரும்பத் துறைமுகம் வரை நானே ஓட்டினேன். நானூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். தோள் இரண்டும் விறைத்துவிட்டன.

ஓட்டும்போது ஒன்றே மனதில் திரும்பத் திரும்ப வந்தது. மே மாதத்திலிருந்து ஒரே கட்டிலில் படுக்கிறோம். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். படியில் இரண்டு தரம் தடக்கினார். இரண்டு தரமும் ஏசினேன். ஒரு தரமாவது ஏன் என்று கேட்டேனா?

ஜனவரி 14
கண் டாக்குத்தர். வலது கண் திரும்பாது. இடதை லேசர் அடித்துக் காப்பாற்றப் பார்க்கலாமாம். வலதில் ஆரோ குறுக்கே போவதுபோல் கறுப்பு நிழல்கள் ஓடுவது நிற்காது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

"ஏன் இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?" என்று அவர் கேட்டதைக் கேசிகா தமிழில் திருப்பிக் கேட்டாள், அப்பாவுக்கு இத்தாலியன் விளங்காததுபோல.

"வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவினமெண்டு" என்றார் இவர்.

வெளியே வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. யாரில் என்றுதான் தெரியவில்லை.

பெப்ரவரி 3
லேசர், இரண்டாம் தரம். நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சின்யோராவிடம் காரைக் கேட்டு வாங்கி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வீட்டு வாசலிலிருந்தே தொடங்கிவிட்டார். கியரை மாற்று, இடப்பக்கத்தாலை எடு, ஏன் இவ்வளவு கிட்டப் போறாய். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரித் தெருவில் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"ரதி, வலப்பக்கம் மோட்டார்சைக்கிள் ஒண்டு வருது. மெல்லப் போ."

வலப்பக்கம் நீளச் சுவர். வேறொன்றும் இல்லை.

பிரேக்கை மிதித்தேன்.

"ஓம், கண்டனான்" என்றேன்.