காப்பீடு இல்லாத வீடு

சீவலப்பேரி
நவம்பர் 3

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

இங்கே சுகம். கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் பாதியில் அறுந்துபோகிறது, அதனால் மெயிலிலேயே எழுதுகிறேன். வினோலியாவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில் என்றுதான் இருந்தோம். அடைமழையில் ஆற்றங்கரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று கோயம்புத்தூரில் சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். நான்தான் போக வேண்டும். போனால் வீட்டை யார் பார்ப்பது? இந்த வருஷமாவது இன்சூரன்ஸ் போடுங்களேன்.

டெபோரா

நடுக்கடல்
நவம்பர் 7

அன்பு டெபோரா,

ஸ்தோத்திரம். இன்சூரன்ஸ்காரன் பேச்சை எடுக்காதே. போன வெள்ளத்துக்கு நொட்டை சொல்லிச் சொல்லி அவன் தந்த லட்சணத்தை நீயே பார்த்தாய். அவனுக்குக் கட்டுவதை நம் பேரில் பாங்கில் போடுவோம், சேதம் வந்தால் அதில் எடுப்போம் என்று பேசித்தானே நிறுத்தினோம்? கட்டிலையும் பீரோவையும் மாடிக்கு ஏற்று. மோட்டாரைக் கழற்றி வை. மழை முடிகிற வரை நகராதே.

ஹெப்ரான்

சீவலப்பேரி
நவம்பர் 19

அத்தானுக்கு,

மேகம் கறுத்தால் சாமானை ஏற்றுகிறேன், வெளுத்தால் இறக்குகிறேன். படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். எப்பம்மா வருவ என்று மகள் தினமும் கேட்கிறாள். நேற்று மழையில் வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பாக்கியசீலன் பார்த்துவிட்டு, "மைனி, வெள்ளம் வந்தா நீங்க கையை வச்சு மறிச்சிருவியளோ?" என்றார். சிரிக்கப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. நான் போகட்டுமா?

டெபோரா

நடுக்கடல்
நவம்பர் 22

டெபோரா,

இன்னும் கொஞ்ச நாள் பொறு. நீ அங்கே இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

ஹெப்ரான்

கோயம்புத்தூர்
நவம்பர் 26

அத்தானுக்கு,

பேரன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம்.

உங்கள் கடிதம் கண்ட அன்றே வீட்டைப் பூட்டிச் சாவியைப் பாக்கியசீலனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கோபம் வரும், தெரியும். ஆனால் சேதத்துக்கு நாமே பொறுப்பு என்று முடிவெடுத்தால், போவது போகட்டும் என்று இருக்கவும் மனசு வேண்டும். உங்களுக்கு அது இல்லை. பாங்கில் இருக்கும் பணத்தை நம்பாமல் என்னை வாசலில் நிறுத்தினீர்கள். இன்சூரன்ஸுக்குப் பதிலாக நீங்கள் வைத்திருந்தது என்னைத்தான்.

மகள் வலியில் என் கையைப் பிடித்திருந்தபோது பாக்கியசீலன் போனில் கூப்பிட்டார். தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, என்ன செய்யட்டும் என்றார். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெபோரா