சத்தத்துக்குப் பின் வருபவர்

டிசம்பர் 2, இரவு

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐலெர்ட் அவர்களுக்கு,

வணக்கம். விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்பதால் உங்களுக்கு என்னை எண்ணாகத்தான் தெரியும். நான் தேர்வர் 214. இன்னும் பள்ளியில்தான் படிக்கிறேன். பள்ளி மாணவர்களும் எழுதலாம் என்றதால் உங்கள் நாட்டார் வழக்காற்றுப் பாடத்தை எடுத்தேன்.

"உங்கள் வட்டாரத்தில் வழங்கும் ஒரு நம்பிக்கைக் கதையைப் பதிவு செய்து விளக்குக" என்று கேட்டிருந்தீர்கள். நான் வர்டோகர் என்ற நம்பிக்கையைப் பற்றி எழுதினேன். எஃப், தேர்ச்சியில்லை என்று போட்டிருக்கிறீர்கள்.

காரணம் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று எங்கள் ஆசிரியை பெர்கிட் சொன்னார். "பேராசிரியரோட சண்டை போடப் போறியா? போடுடி, போடு. எனக்குத்தான் அந்தக் காலத்துல தைரியம் வரல" என்று சிரித்தார். பதிலை அவர் பெயருக்கே அனுப்புங்கள். எங்கள் வீட்டு முகவரியை யாருக்கும் தரக் கூடாது.

தேர்ச்சி மட்டும் கிடைத்தால் போதும், ஐயா. இது பெருமைக்காக இல்லை. அம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் எழுதுகிறேன், கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

பணிவுடன்,
தேர்வர் 214

டிசம்பர் 7

தேர்வர் 214 அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு வரும் புகார்களில் பாதி, திட்டிவிட்டு "அன்புடன்" என்று முடியும். உங்களுடையது மரியாதையாக இருந்தது. நன்றி.

உங்கள் நடையில் குறையில்லை. கார்க் கதவை இரண்டு முறை சாத்தும் சத்தம், படியில் காலணியை உதைத்துப் பனி தட்டும் சத்தம், கண்ணாடிக் கிண்ணத்தில் சாவி விழும் சத்தம் எல்லாமே எனக்கும் கேட்டன. ஆனால் வர்டோகர் கதைக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதலில் ஒருவர் வீடு திரும்பும் சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சற்று நேரத்தில் அதே சத்தத்தோடு அந்த ஆள் உண்மையிலேயே வந்து நிற்பார். அதனால்தான் நம் மக்கள் முதல் சத்தத்துக்கே அடுப்பில் காபியை வைக்கிறார்கள். இது ஆவிக் கதை அல்ல. செத்தவர்களுக்கு வர்டோகர் கிடையாது. உயிரோடு வழியில் இருப்பவர்களுக்குத்தான்.

நீங்கள் முதல் பாதியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வந்தது யார், எப்போது? சொன்னவர் யார்? எதுவும் இல்லை. கேள்விக்கு இது பாதி விடைகூட ஆகாது.

வேண்டுமானால் மேல்முறையீடு செய்யுங்கள். என் மதிப்பெண்ணை அறியாத வேறு இருவர் திருத்துவார்கள்.

ஐலெர்ட்

டிசம்பர் 11, இரவு

பேராசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் பாதி இன்னும் நடக்கவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

என் பெயர் ராக்னி. இது எனக்குக் கொடுக்கப்பட்ட புதுப் பெயர். அம்மாவையும் என்னையும் ஒரு வருடத்துக்கு முன் காவல்துறையினர் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவர் அம்மாவை என்ன செய்தார் என்று நான் எழுத மாட்டேன்.

செப்டம்பரில் ஒரு மாலை, சாலை வளைவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்பாவின் கார்க் கதவு முதல் தடவையில் மூடாது. பிறகு படியில் காலணிச் சத்தம். இப்போது நடைக்கூடத்துக்குள்ளேயே கேட்கிறது. சாவி விழும் அந்தக் கண்ணாடிக் கிண்ணம் பழைய வீட்டில் இருந்தது, ஐயா. இந்த வீட்டில் அப்படி ஒரு கிண்ணமே இல்லை.

அம்மாவுக்குக் கேட்பதில்லை. "காத்துடி அது. பழைய வீடு, முனகத்தான் செய்யும்" என்றார். நான் விடவில்லை. "எத்தனை தடவைடி பெட்டி கட்டுறது? இப்பதான் மீன் ஆலைல வேலை நிலைச்சிருக்கு, நீயும் ரெண்டு பேரோட பேசிச் சிரிக்கிற" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ, உன் பல்கலைக்கழகத்துல எழுதிக் கொடு. படிச்சவங்க யாராச்சும் சரின்னு சொல்லட்டும். அன்னைக்கே கிளம்புறேன், சத்தியமா" என்றார்.

விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் தேர்வில் அதை எழுதினேன். எஃப் வந்ததும், "பாத்தியா?" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மேல்முறையீடு கொடுத்துவிட்டேன். முடிவு வரப் பல வாரம் ஆகுமாம். அதற்குள் அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். 'உங்கள் மகள் எழுதியது சரி' என்றால் போதும்.

ராக்னி

டிசம்பர் 15

அன்புள்ள ராக்னி,

உன்னை இனி எண்ணால் அழைக்க மனம் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் பெர்கிட்டோடு தொலைபேசியில் பேசினேன். அவர் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். உன் அப்பா தெற்கே, தன் ஊரில்தான் இருக்கிறார் என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்களாம். பயப்படாதே.

நீ கேட்ட அந்த ஒரு வரியை மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன். எத்தனையோ வர்டோகர் கதைகளைச் சேகரித்திருக்கிறேன். ஒன்றைக்கூட உண்மை என்று சொன்னதில்லை. மக்கள் நம்புகிறார்கள் என்று மட்டுமே சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் பேச்சைக் கேட்டு உன் அம்மா வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி, அங்கே ஒன்றுமே நடக்காவிட்டால்? அந்தப் பொறுப்பை என்னால் ஏற்க முடியாது. மேல்முறையீடு முடியட்டும்.

ஒன்று மட்டும் எழுது. சத்தத்துக்கும் வருகைக்கும் இடையில் சில நிமிடங்களுக்கு மேல் ஆனதாக நான் கேட்டதே இல்லை. உனக்கு ஏன் மாதக்கணக்கில்?

என் வீட்டு முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், வரலாம்.

அன்புடன்,
ஐலெர்ட்

டிசம்பர் 19, இரவு

பேராசிரியர் அவர்களுக்கு,

மற்றவர்களுக்கு வழி தெரியும். அப்பா வழியைத் தேடிக்கொண்டே வருகிறார். அதனால்தான் இத்தனை நாள் என்று நினைக்கிறேன்.

இன்று மாலை முழுவதும் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. செப்டம்பரிலிருந்து இப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை. "இப்ப நிம்மதியாடி?" என்று அம்மா சிரித்தபடி அப்பம் சுட்டார்.

நீங்கள் சேகரித்த கதைகளில், சத்தம் நின்ற பிறகு என்ன நடக்கும்?

ராக்னி

ஜனவரி 10

அன்புள்ள ராக்னி,

நான் விடுமுறைக்குப் போயிருந்ததால் உன் கடிதத்தைத் திரும்பி வந்துதான் பார்த்தேன். அன்றே புறப்பட்டு பெர்கிட்டிடம் போனேன். உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பூட்டியிருந்தது. சன்னலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. படியில் பெரிய காலணித் தடங்கள், மேலே பனி உறைந்து கிடந்தன. காவல் நிலையத்தில் கேட்டால், முகவரி மறைக்கப்பட்டவர்களைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்கிறார்கள். அந்தத் தடங்கள் விழும் முன்பே நீங்கள் கிளம்பிவிட்டீர்களா என்றுகூடச் சொல்ல மறுக்கிறார்கள். "தெற்கேதான் இருக்காரு" என்று அன்று உறுதியாகச் சொன்னவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

மேல்முறையீட்டின் முடிவு வந்திருக்கிறது. பி மதிப்பெண். இரண்டாம் பாதி இல்லாததுதான் அந்த விடையின் பலம் என்று எழுதியிருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு எழுத வேண்டிய வரியையும் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று பெர்கிட்டுக்கும் தெரியவில்லை. அவரிடமே கொடுத்து வைக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று மாலை என் வாசலில் யாரோ பனியை உதறினார்கள். சின்னக் கால்கள். பின்னாலேயே இன்னொருவர், கொஞ்சம் களைத்த நடை. ஒரு பையைக் கீழே வைக்கும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். படியில் கிடந்த பனியில் ஒரு தடமும் இல்லை.

மாணவர்களுக்கு எத்தனையோ விதமாக விளக்கியிருக்கிறேன். எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுப்பில் காபியை வைத்தேன். ஆறிவிட்டது. இப்போது மறுபடியும் வைத்திருக்கிறேன்.

கதவைப் பூட்டவில்லை.

ஐலெர்ட்