நான் அழித்த கோடு

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பதுளை ஸ்டேஷன் ஆட்டோ வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கவிதா வீட்டுக்குப் போனபோது எடுத்த படங்களை இணையத்தில் படம் விற்கும் ஏஜென்சிக்கு ஏற்றும் வேலை. உலகத்தில் எவனாவது காலண்டருக்கோ விளம்பரத்துக்கோ வாங்குவான் என்று நம்பிக்கை. இதுவரை வந்த வருமானமும் அந்த நம்பிக்கைதான்.

திரும்பி வந்தவை:
– கோயில் மணி. ஃபோகஸ் இல்லையாம்.
– பேத்தியின் சிரிப்பு. சட்டையில் கம்பெனிச் சின்னம்.
– மழையில் ஆடு. காரணம் எனக்குப் புரியவில்லை. ஆட்டுக்கும் புரிந்திருக்காது.

உருப்படியாக ஒன்று. மடுல்சீமைப் பக்கத்தில் கவிதா இருக்கும் லயத்து வீட்டு வரிசை, பின்னால் தேயிலை மலை, காலை வெளிச்சம். எதிர்ப்பக்கத்து ரோட்டு வளைவில் நின்று எடுத்தது. ஆனால் மலையின் குறுக்கே மண் நிறத்தில் ஒரு கோடு. அசிங்கம். பக்கத்துப் பச்சையை எடுத்து அதன்மேல் ஒட்டி ஒட்டி, செடி செடியாக அழித்தேன். தோட்டம் நட்டதைவிட நான் நட்டது ஒழுங்கு.

அந்த மலையைத் துடைத்த நேரத்துக்கு வீட்டு ஜன்னலைத் துடைத்திருக்கலாம் என்று லெட்சுமி. மனைவி சொல்வதில் நியாயம் உண்டு. அனுப்பிவிட்டேன். தேடுசொற்கள்: தேயிலை, மலை, அமைதி.

ஒக்டோபர் 15, புதன்

படத்தை ஏற்றுக்கொண்டார்கள்! பாயசம் கேட்டேன். பிளேன்டீ கிடைத்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெண்களை பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றினேன். எங்கோ ஒரு தோட்டத்தில் மலை வெடித்து லயத்து ஆட்களையெல்லாம் வெளியேற்றியதைப் பற்றிப் பேச்சு. ஒருத்தி சொன்னாள்: "மொதல்ல கோடு கிழிச்ச மாதிரிதான் இருந்திச்சாம். தண்ணிக் கான்னு நெனச்சி விட்டுட்டாங்களாம்."

மீதிக் காசைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன் போல. கூப்பிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

நேரே வீடு. லெப்டொப்பில் அழிக்காத படம் தனியாக இருக்கிறது, அந்த மட்டுக்கும் புத்தி. தூசு தேடுவதற்குப் பெரிதாக்குவதுபோல் பெரிதாக்கினேன். தண்ணீர் வடியும் கான் என்றால் சரிவோடு ஒழுங்காக ஓடும். இது தேயிலை நிரைகளை வெட்டிக்கொண்டு போகிறது. கோட்டுக்குக் கீழே இருக்கும் செடிகள் ஒரு படி இறங்கி நிற்கின்றன. பொங்கலுக்கு அதே இடத்தில் எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். அதில் கோடு இல்லை.

நான் இன்ஜினியர் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எஸ், வெறும் பாஸ். அதுவும் பக்கத்து மேசைக்காரன் புண்ணியம். வேறு ஏதாவதாக இருக்கலாம். கொழுந்து எடுக்கிறவர்களின் பாதையாகக்கூட இருக்கலாம்.

மழை பிடித்துவிட்டது. லெட்சுமி ஏதோ கேட்டாள், நானும் ஏதோ சொன்னேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

கவிதாவுக்கு ஃபோன். லயத்திலிருந்து பார்த்தால் தேயிலை மறைக்கிறதாம், ஒன்றும் தெரியவில்லையாம். "அது கானாத்தான் இருக்கும்னு மாமா சொல்றாருப்பா." மாமா என்றால் அவள் மாமனார், என் சம்பந்தி முத்தையா. அவரிடம் கொடு என்றேன். கைவேலையாக இருக்கிறாராம். அவர் என்னோடு ஃபோனில் பேசி ஒரு வருடம் இருக்கும்.

காரணமும் நான்தான். அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் புது பெயின்ட் அடித்த கதவை, லயத்தில் அவர் குடியிருக்கும் காம்பராவின் கதவை, படம் எடுத்து ஏஜென்சியில் போட்டேன். கம்ப்யூட்டர் காட்டிய சொற்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். அதில் ஒன்று 'வறுமை'. கொழும்பிலிருக்கும் அவருடைய சொந்தக்காரப் பையன் பார்த்துவிட்டான்.

லெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையையும் பேத்தியையும் மட்டும் தீபாவளி சாக்கில் இங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள் லெட்சுமி. நல்ல யோசனை. ரொம்பப் பிடித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே பிடித்தது. அப்புறம் அந்த லயத்தின் மற்றக் காம்பராக்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தது பக்கத்துக் காம்பரா. கை நின்றுவிட்டது.

அவளுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். "நேர்லயே போயி சொல்லிட்டு வாங்க. திட்டுனா வாங்கிக்கங்க. ஒங்களுக்கு என்ன புதுசா?"

ஒக்டோபர் 17, வெள்ளி

கொமினிகேசன் கடையில் படத்தைப் பெரிதாக அடித்து, நனையாமல் லெமினேட் செய்து, மடுல்சீமைக்கு. ரோட்டைப் பற்றி எழுதினால் நோட்டுக்கும் இடுப்பு வலிக்கும்.

சம்பந்தி வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், அதில் குறை வைக்கவில்லை. படத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். லயமே கூடிவிட்டது. சம்பந்தி படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு சம்பந்தி. கோடு எங்க?"

எட்டிப் பார்த்தேன். நான் கொண்டு வந்திருந்தது ஏஜென்சிக்கு அனுப்பிய படம். பச்சைப் பசேல் என்று மலை. அவசரத்தில் அழகானதைப் பிரதி எடுத்திருக்கிறேன். கோடுள்ள படம் வீட்டில், லெப்டொப்பில். யாரோ ஒரு அம்மா தனக்கும் ஒரு கொப்பி கேட்டார்.

நானேதான் அழித்தேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சம்பந்தி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். "மொதல்ல இல்லாத வறுமைய போட்டீங்க. இப்ப இருக்குற கோட்ட அழிச்சிட்டேங்குறீங்க." எழுந்து உள்ளே போனார். முடிந்தது என்று நினைத்தேன். குழி தோண்டும் இரும்பு அலவாங்கோடு வெளியே வந்தார். "வாங்க, காட்டுங்க."

ஏறினோம். மழை, அட்டை, வழுக்கல். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை. எனக்கும் இடம் பிடிபடவில்லை. படத்தில் தெரிந்த சவுக்கு மரத்தை வைத்துத் தேடிச் செடிகளை விலக்கிப் பார்த்தோம். இருந்தது. கால் நுழையும் அகலம்.

அலவாங்கை நேராகப் பிடித்து உள்ளே விட்டார். குத்தவே இல்லை. கை மட்டத்துக்கு இறங்கியும் அடி தட்டுப்படவில்லை. அலவாங்கு கை நழுவியது. போய்விட்டது. சத்தம் வருமென்று இரண்டு பேரும் குனிந்து காத்திருந்தோம்.

இறங்கும்போது அவர் எனக்கு முன்னால் வேகமாகப் போனார். முதல் காம்பரா வாசலில் நின்று சொன்னார்: "சட்டி பான கெடக்கட்டும். புள்ளைகள தூக்குங்க."

ஒக்டோபர் 18, சனி

எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். கிராம சேவகர் வந்து பார்த்தார், எழுதினார், மேலே அறிவித்திருக்கிறாராம். மண்ணைப் பரிசோதிக்கிறவர்கள் வருவது தீபாவளி விடுமுறைக்குப் பிறகுதானாம். தன் ஃபோனில் ஒரு படமும் எடுத்தார். எந்தப் பக்கமிருந்து எடுத்தால் தெரியும் என்று சொல்லப் போனேன். வேண்டாமாம்.

நான் வீட்டுக்கு வந்ததும் ஏஜென்சியிலிருந்து செய்தி. அந்தப் படம் விற்றுவிட்டது. யாருக்கோ அமைதி தேவைப்பட்டிருக்கிறது. இத்தனை மாதத்தில் முதல் விற்பனை, லெட்சுமியிடம் சொல்ல வாய் வரவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி அழுத்தினேன். விற்றது விற்றதுதானாம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இரவெல்லாம் கொட்டியது. மலை அப்படியே நிற்கிறது.

கொழும்பில் வேலை செய்யும் மருமகன் தீபாவளிப் புதுத்துணிப் பையோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாராம். கவிதா ஃபோனில் சொன்னாள்: "ஒங்கப்பா தீபாவளிய பள்ளிக்கூடத்துல வச்சிட்டாருன்னு எல்லாரும் கேலி பண்றாங்கப்பா." அடுப்பு இல்லை, பலகாரம் இல்லை, கோழிகள் லயத்தில். அவர்கள் கேலி செய்யாமல் என்ன செய்வார்கள்?

அழிக்காத படத்தை ஃபோனில் அனுப்பினேன். சின்னத் திரையில் கோடு, முடி ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரிகிறதாம்.

மண் சரிந்தால் நான் சொன்னது சரி. சரியாவிட்டால் நான் பைத்தியக்காரன். பிள்ளையாரப்பா, நான் பைத்தியக்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மழை. எண்ணெய் தலையில், குளிக்கவில்லை. ஃபோன் அடித்தது. கவிதா என்று எடுத்தால் சம்பந்தி.

"சம்பந்தி, மூணு வீட்டு ஆளுங்க விடியக்காலயே லயத்துக்கு திரும்பிட்டாங்க. எம்பேச்ச கேக்கல. அலவாங்கு போன கதைய சொன்னா, கெழவனுக்கு கை நடுங்குதுங்குறாங்க."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அழிக்காத படத்த பெருசா கொண்டாங்க. பொங்கலுக்கு எடுத்ததையும் சேத்து. ரெண்டையும் பக்கத்துல வச்சி அந்த வாசல்ல நின்னு காட்டுவோம். நானும் நிக்கிறேன்."

கொமினிகேசன் கடை பூட்டு. அடுத்த கடையும் பூட்டு. திரும்பி வந்தால் லெட்சுமி லெப்டொப்பைப் பழைய சேலையில் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பேட்டரி எவ்வளவு நிற்கும் என்று கேட்கிறாள். தெரியவில்லை. நோட்டை மூடுகிறேன், ஆட்டோவை எடுக்க வேண்டும்.