அப்பா மெயினை இறக்குவார்

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் எழிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. கடைக்குத்தான் உடம்பு சரியில்லை. சித்திரையில் நான் படாரென்று போனை வைத்ததிலிருந்து நீ அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். அதனால் இதை எழுதி, அம்மாவை விட்டுப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பேசினால் ரெண்டு பேரும் கத்துவோம்.

விஷயம் இது. போன மாதம் விற்ற விதை மல்லாட்டையில் ஒரு லாட் சரியில்லை. மீந்த மூட்டையிலிருந்து நூறு வேர்க்கடலைப் பருப்பை எண்ணி ஈரக்கோணியில் சுருட்டி வைத்தேன். முப்பத்தெட்டுதான் முளை விட்டது. அந்த லாட்டை வாங்கியவர்கள் நாற்பத்திரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ரெண்டு மூணு நாளில் விதைத்துவிடுவார்கள். அதற்குள் சொல்லி மூட்டையைத் திருப்பி எடுக்காவிட்டால் அவர்களுக்கு இந்தப் பட்டம் போச்சு.

யார், எந்த ஊர், என்ன நம்பர், எல்லாம் நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான். கையால் பில் எழுதுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. சனிக்கிழமையிலிருந்து அது எழுந்திருக்கவில்லை.

தப்பு என் பேரில்தான். சீசன் கூட்டத்தில் மெதுவாக ஓடுகிறதே என்று ரிப்பேர் கடை சகாதேவனைக் கூப்பிட்டேன். "அண்ணே, இது ஒவ்வொண்ணையும் எழுதறதுக்கு முன்னாடி, என்ன எழுதப்போறேன்னு தனியா குறிச்சு வச்சுக்குது. ஜர்னல்னு பேரு. நிறுத்திட்டா வேகம் ஜாஸ்தி"ன்னான். வேகம்தான்டா வேணும், நிறுத்துன்னேன்.

நான் கடை மூடுகிற விதம் உனக்குத் தெரியும். பழைய கடை கரண்டு கோளாறில் எரிந்ததிலிருந்து, மெயினை இறக்கி, சூடம் காட்டி, அப்புறம்தான் ஷட்டரை இழுப்பேன். கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். நல்ல கெட்டியான பெட்டி என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அது பட்டியலைப் பதிந்துகொண்டிருக்கும்போதே இறக்கிவிட்டேன் போலிருக்கிறது. இப்போது திரையில் வரிக்கு வரி, சரிசெய்யட்டுமா, சரிசெய்யட்டுமா என்று கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிடலாம் என்கிறான் சகாதேவன். பட்டியல் பேரில்லாத துண்டு துண்டாக வந்தாலும் வரலாமாம். பாப்பாவைக் கேட்காமல் தொடாதே, கையை எடு என்று சொல்லிவிட்டேன்.

நேற்று சகாதேவன் பெட்டியைத் திருப்பினான். பின்பக்கம் தூசிக்கு அடியில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "அப்பா மெயினை இறக்குவார். ஜர்னலை நிறுத்தாதீங்க." படித்துவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும்தான்.

சித்திரையில் நீ பேக்கப் டிஸ்க் வாங்கச் சொன்னாய். கடை நடத்துவது நானா நீயா என்று கேட்டேன்.

ஞாபகத்திலிருந்தே இருபத்தொன்பது பேரைப் பிடித்துவிட்டேன். செங்கம் பக்கம் ராஜமாணிக்கத்தை டிராக்டரிலிருந்தே இறக்கினேன். வித்த விதையைத் திருப்பி வாங்க வந்த மொத வியாபாரி நீதான்யா என்று சிரிக்கிறான். மீதி பதின்மூன்று பேர் முகமாக வருகிறார்கள், ஊராக வரமாட்டேன் என்கிறார்கள். நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் வண்டியை ஊருக்கு வெளியே எடுக்க முடியாது. இன்றைக்குள் பேர் வேண்டும்.

புது டிஸ்க் ரெண்டு வாங்கிவிட்டேன். பழையதை முதலில் அப்படியே நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில் கை வைக்கச் சகாதேவனிடம் சொல்லட்டுமா? புதியதில் எக்ஸ்.எஃப்.எஸ். என்று ஒரு பதிவு முறையைப் போடலாம் என்கிறான், ஒரு மணி நேரம் கழித்து வேறு ஒன்றைச் சொல்கிறான். எனக்கு அதன் பேர் முக்கியமில்லை. மெயினை இறக்கினாலும் தாங்கணும். கோளாறு வந்தால் சரிசெய்ய இந்த ஊரிலேயே ஒரு ஆள் இருக்கணும். நீ முன்பு போட்ட எக்ஸ்ட் நாலே, ஜர்னலோடு, போதும் என்று படுகிறது. ஆனால் நீ சொல்கிறதுதான்.

நேற்று முதல்தடவையாக மெயினை இறக்காமல் ஷட்டரை இழுத்தேன். வீட்டிலிருந்து ரெண்டு தரம் வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனேன். உன் சீட்டை நான் எடுக்கவில்லை. தூசியை மட்டும் துடைத்தேன்.

நன்றாக இரு, கண்ணு. இதைப் பார்த்ததும் கூப்பிடு. முதல் மணியிலேயே எடுப்பேன். இந்தத் தடவை நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்கமாட்டேன்.

உன் அப்பா,
பலராமன்