முதல் ஓலை வாசித்தாயிற்று

போடிநாயக்கனூர்,
14.9.1954

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஞானசெல்விக்கு அக்காள் ஜெயபாக்கியம் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்.

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். முந்தாநாள் ஞாயிறு ஆராதனையில் நம் பாதிரி ஐயர் என் பெயருக்குக் கலியாண ஓலை வாசித்தார். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் அக்டோபர் ஆறாம் தேதி புதன்கிழமை கலியாணம். தடை சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த முப்பத்துமூன்று வயது வாத்தியாரம்மாவை யாராவது கொண்டுபோனால் போதும் என்றுதான் சபையே உட்கார்ந்திருக்கிறது.

அவர் பெயர் ஐசக். மேலே ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வயது முப்பத்தெட்டு. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தன்னை மறந்துபோன மனிதர். அவருக்குத் தலைமுடி கம்மி, எனக்குப் பொறுமை கம்மி. சரியாய்ப் போயிற்று.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஐயரம்மாவோடு நான் மலைக்குப் போய், காய் பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவது உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் அட்டை கடித்து என் கால் முழுக்க ரத்தம். அவர்தான் உப்பு வைத்து எடுத்துவிட்டார். அடுத்த மாதம் போனபோது, ஜீப்பு நிற்கும் இடத்தில் ஒரு கல்லின்மேல் உப்புப் பொட்டலம் இருந்தது. அதற்கடுத்த மாதமும் இருந்தது. அட்டையே இல்லாத மார்ச் மாத வெயிலிலும் இருந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

ஆனால் உப்புக்கு மேல் அவர் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நானும் வழக்கம்போல, ஆண்டவரே, நல்ல துணையை எங்கள் வாசலுக்கு அனுப்பும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு வருஷமாக அதே ஜெபம். வாசலுக்கு வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதாசி போடுகிறோம் என்று போய்விட்டார்கள். ஜூலையில் ஒரு நாள் யோசுவா புஸ்தகம் வாசித்தபோது, ஆசாரியர்கள் கால் நனைந்த பிறகுதானே யோர்தான் ஆறு பிரிந்து வழிவிட்டது என்று மனதில் பட்டது. அன்று சாயங்காலமே ஐயரம்மாவிடம் போய், எனக்காக அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொட்டப்பிள்ளையப் பெத்தவுக நாம போயிக் கேக்குறதா? ஊரு வாய்க்கு அவலாப் போயிருவோமேடி" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஐயரம்மா மேலே போய்க் கேட்டபோது, நானே வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். மறுநாளே பேய்மழை. மண் சரிந்து ஜீப்புப் பாதை மூடிப்போயிற்று. மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. பாதைதான் காரணம் என்று ஒரு மனம் சொல்லும், பாதை வெறும் சாக்கு என்று இன்னொரு மனம் சொல்லும். நான் வெட்கத்தில் செத்தேன், செல்வி. பள்ளிக்கூடத்தில் ஒரு காரணமும் இல்லாமல் பிள்ளைகளைத் திட்டினேன்.

நான்காம் ஞாயிறு ஆராதனை பாதியில் வந்து சேர்ந்தார். தலையில் மழைக்குப் போட்ட சாக்கு, முழங்கால் வரை சேறு, இரண்டு காலிலும் அட்டை கடித்த ரத்தம். விடியுமுன் புறப்பட்டு நடந்தே இறங்கியிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் ஐயரிடம், "டிஞ்சர் வாங்குற சாக்குல ரெண்டு வருசமா இதைக் கேக்கத்தான் எறங்கி வர்றேன் ஐயரே. வாய் வரலை. அவங்க கேட்டுட்டாங்க. எனக்குப் பூரண சம்மதம்" என்றார். ஊருக்கெல்லாம் உப்புக் கொடுத்தவர் தனக்கு ஒரு சிட்டிகை எடுத்து வரவில்லை. என் பையில் கிடந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அன்று மத்தியானம் அம்மா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

இனி உன் காரியம். எட்டு வருஷமாக உன் ஒவ்வொரு கடிதமும் 'அக்கா, என்னை மன்னித்துவிடு' என்றுதான் முடிகிறது. மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்து உன்னைக் கேட்டதற்கு நீ என்ன செய்வாய்? என் முகத்தில் விழிக்கக் கூசி, அப்பாவின் அடக்கத்துக்குக்கூட அவர் உன்னைத் தனியாகத்தான் அனுப்பினார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர் பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டை உன் கையில் கொடுத்து, அடுப்பில் எண்ணெய் காய்கிறது, நீ கொண்டு போ, பின்னாலேயே வருகிறேன் என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, செல்வி. எனக்குப் பயம், அவ்வளவுதான். கூடத்துக்கு வந்த பெண்ணை அவர் பார்த்தார். வராதவளை எப்படிப் பார்ப்பார்?

ஆகையால் அந்தக் கடைசி வரியை இனி எழுதாதே. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் ஓலைக்கு முன்பே வந்து சேர். தடை உண்டா என்று ஐயர் கேட்கும்போது நீங்கள் எல்லாரும் கோயிலில் இருக்க வேண்டும். கடலிலும் தரையிலும் கர்த்தர் உங்களைப் பத்திரமாய் நடத்திக்கொண்டு வருவாராக.

வீட்டுக்கு வந்ததும் நீ அடுப்படிப் பக்கம் வராதே. மாப்பிள்ளைக்குக் காப்பி நான் கொண்டுவருகிறேன்.

உன் அக்காள்,
ஜெயபாக்கியம்