எண்களால் மட்டும் பேசிய மாதங்கள்

இன்னும் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு,

ராயபுரத்துக் கடல் இன்று காலை அசைவில்லாமல் கிடக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்கள் வானத்தில் நிற்பதுபோல் தெரிகின்றன. இந்த நேரத்தில் நீங்கள் பால்கனியில் என் பின்னால் வந்து நிற்பதாகத் தோன்றும். நான் திரும்புவதில்லை. திரும்பினால் போய்விடுவீர்கள்.

நம் ரீட்டாவிடம் ஐந்து ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் போனபின், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அந்தக் கிளியரிங் அலுவலகத்தில் நீங்கள் முப்பது ஆண்டு உட்கார்ந்த நாற்காலியை நம் மகளுக்கே கொடுத்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அவளுக்கோ ஒவ்வொரு கன்டெய்னரின் எண்ணையும் ஏழு படிவங்களில் ஏழு முறை அடிப்பதே வேலை. ஒருநாள் ஏழாவது படிவத்தில் ஓர் இலக்கம் பிசகிவிட்டது. துறைமுக வாசலில் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரி ஓட்டும் காதர் பாய் நேரே அவள் மேசைக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, மூணு நாளா எண்ணூர் ரோட்டுல குந்திகினு கீறேன். கேட்டாண்ட போனா நம்பர் ராங்காம், மறுபடியும் கடைசில போய் நிக்கணுமாம். பேசாம லாரி நம்பருக்கே ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்துடு. அதான் இப்ப என் வூடு."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் மேலாளரிடம், எண்ணை ஒரே முறை அடித்தால் ஏழு படிவத்தையும் கம்ப்யூட்டரே அச்சிடும், நான் செய்து தருகிறேன் என்றாளாம். "உங்கப்பா முப்பது வருஷம் கையால எழுதினாரு. ஒருநாள் முனகினதில்ல" என்றாராம் அவர். வேலையை விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அது உன் நாற்காலி இல்ல, அப்பாவோடது. எழுந்து வர உன்னை யார் கேட்டா?" என்றேன்.

"அப்பா முனகல மம்மி. தூக்கத்துல நம்பர் நம்பரா சொல்வாரே, அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனாலும் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து அவளே புரோகிராம் எழுதினாள். சோதித்துப் பார்க்க யாராவது எண்களை வாசிக்க வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பல மாதங்கள் எங்களுக்குள் எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. மதிய வெயிலில் நான் வாசிக்க, அவள் தட்டுவாள். ஜெபமாலை சொல்வதுபோல் இருக்கும். சில சமயம் என் தொண்டையிலிருந்து உங்கள் குரல் வருவதுபோலவும் இருக்கும்.

ஒரு மதியம், ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்றி வாசித்தேன். இது தோற்க வேண்டும், அவள் உங்கள் நாற்காலிக்கே திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தேன். கான்வென்டில் படித்தவள் செய்கிற காரியமா?

திரை சிவந்தது. எண் தவறு என்று காட்டியது. கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிடுவதாம். ஒன்று பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"மம்மி, கண்டுபிடிச்சிடுச்சு, பாருங்க" என்று ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கண் தடுமாறியதாகவே நினைத்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது தூத்துக்குடி வரை அவள் புரோகிராம் ஓடுகிறது. உங்கள் பழைய அலுவலகத்திலும்தான். நம் மாடி முழுக்க அவளிடம் வேலை செய்யும் பிள்ளைகள். போன வாரம் காதர் பாய் தெருவில் நிறுத்திச் சொன்னார்: "உங்க பொண்ணு புண்ணியத்துல டைமுக்கு வூட்டுக்குப் போறேன்மா. இப்ப சம்சாரம்தான் பேஜாரு பண்ணுது, இன்னாய்யா சும்மா சும்மா வந்துகினு கீறன்னு."

ரீட்டா மட்டும் இன்னும் கேட்கிறாள்: "அப்பா இருந்தா கோவிச்சிருப்பாரா மம்மி?" நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அவள் கேட்பது உங்களைப் பற்றியா? என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியாதா?

இன்று மதியம் சாப்பிட வருவாள். நீ எழுந்து வந்ததுதான் சரி, அன்று நான் வேண்டுமென்றேதான் தவறாக வாசித்தேன் என்று, அவள் தட்டில் சோறு வைக்கும் முன்பே சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ரீட்டாவின் அம்மா,
உங்கள் மனைவி
பிலோமினா