இரண்டு குழாயிலும் அம்மா

ஜூலை 16, 1996. செவ்வாய்.

இரண்டு வாரமாக ஆய்வகத்தில் என் கைவேலையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ரத்தப் புற்றுநோய் வந்து மருந்தில் அடங்கியிருந்த சின்னவளுக்கு அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்ததில், அக்காவின் ரத்தமும் அம்மாவின் ரத்தமும் அச்சாக ஒன்றாக இருந்தன. தாயிடமிருந்து மகளுக்குப் பாதிதான் வரும். மூன்று முறை திரும்பச் செய்தும் அதே முடிவு.

இன்று தனுவச்சபுரத்தில் அவர்கள் வீட்டுக்கே போனேன். ரத்தம் எடுத்து அனுப்பியவள் பக்கத்து வீட்டு நர்ஸ். அதைப் பற்றிக் கேட்டதும் வெளியே கேட்காதபடி அம்மா முன்கதவைச் சாத்தினாள்.

"ரெண்டும் எனக்க ரத்தமாக்கும் டாக்டரே. மூத்தவளுக்கு ஆவணியில கல்யாணம். கையில ஊசி குத்துன அடையாளத்தக் கண்டா, இவளுக்கும் சீக்கு உண்டுன்னு மாப்பிள வீட்டுல சொல்லுவாவ. தாய்க்கும் மொவளுக்கும் ஒரே ரத்தம்தானே?"

கத்தியிருப்பேன். உள்ளறையில் சின்னவள் படுத்திருந்தாள்.

மூத்தவள் அடுக்களையிலிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"காலுல எடுத்தா போராதா? சேல மறைச்சிரும்," என்றாள் அம்மா.

"கையில எடுங்க டாக்டர்," என்று மகள் கையை நீட்டினாள்.

எடுத்தேன். குழாயில் பெயரை நானே எழுதினேன்.

அம்மா ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். "இந்த ரெண்டு வாரம் போனதுல பிள்ளைக்கி ஒண்ணும் இல்லியே?"

"சாரமில்ல, ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த இரண்டு வாரத்தில் நோய் திரும்பிவிட்டது என்று சொல்லும் சின்னவளின் ரிப்போர்ட் அப்போது என் பைக்குள்தான் இருந்தது.